பேச்சுப் போட்டில முதலாமிடம், விவாதத்துல மட்டும் ஏன் தோக்குறோம்?

தங்கச்சி, நீங்க கேட்டிருக்கிறது மூணு கேள்வி. விவாதம் பழக என்ன புத்தகம் படிக்கணும், விவாதக் கழகமே இல்லாத ஸ்கூல்ல இருந்துக்கிட்டு எப்படிப் பழகுறது, இங்கிலீஷ் கொஞ்சம் வீக்கா இருக்கு, அந்தப் போட்டிகளுக்கும் போகலாமா. ஆனா நடுவுல போற போக்குல ஒரு வரி எழுதியிருந்தீங்க பாருங்க, "பேச்சுப் போட்டில மாவட்டம் வரைக்கும் போயிருக்கேன், விவாதத்துல மட்டும் மொத ரவுண்ட்லயே வெளிய வந்துர்றோம்"னு. உண்மையான கேள்வி அதுதான்னு எனக்குப் படுது. நல்லாப் பேசுற புள்ள ஏன் விவாதத்துல தோக்குது? அதப் பேசிட்டா மத்த மூணுக்கும் பாதி பதில் வந்துரும்.

என்னப் பத்தி ரெண்டு வரி. இலங்கையில ஹட்டன் பக்கம் தேயிலத் தோட்டத்துல பொறந்து, ஸ்கூல்லயும் கெம்பஸ்லயும் விவாதம் பண்ணி, இப்ப பதினஞ்சு வருஷமா ஏ எல், அதாவது உயர்தர வகுப்புப் புள்ளைகளுக்குப் படிப்பிச்சுக்கிட்டு, சனிக்கிழமைல டீம் பழக்கிக்கிட்டு, கூப்பிட்ட எடத்துக்கெல்லாம் நடுவரா போயிக்கிட்டு இருக்கேன். தமிழ் விவாதம் எனக்கு நல்லாவே பழக்கம். இங்கிலீஷ் விவாதத்துல நடுவரா ஒக்காந்திருக்கேனே தவிர போட்டியாளரா பெரிசா ஒண்ணும் கிழிக்கல, அதுனால அந்தப் பகுதிய மட்டும் அங்க ஜெயிச்ச ஆளுங்கள்ட்டயும் ஒருக்கா கேட்டுக்குங்க.

மொதல்ல நான் தோத்த கதையச் சொல்றேன், ஏன்னா உங்க வியாதியும் அதேதான். ஏ எல் மொத வருஷம், தலைப்பு தொலைக்காட்சி மாணவர் கல்விக்குத் தடையாங்கிறது, நாங்க தடை இல்லங்கிற பக்கம், நான் மூணாவது பேச்சாளர். எதிர்வாதம் என்னோட வேல. அத ரெண்டு நாளைக்கு முன்னாடியே எழுதி, கண்ணாடிக்கு முன்னால நின்னு, கை எங்க தூக்கணும் கொரல் எங்க எறக்கணும்னு வரைக்கும் பாடமாக்கி வச்சிருந்தேன். "எதிரணியினர் தொலைக்காட்சி கண்ணைக் கெடுக்கிறது என்றார்கள்"னு ஆரம்பிக்கும். அன்னைக்கு அவங்க கண்ணப் பத்தி ஒரு வார்த்த பேசல. அவங்க டீம்ல ஒரு பொண்ணு எந்திரிச்சு, லயத்துல, அதான் தோட்டத்து வரிச வீட்டுல, ஒரு காம்பரா (அறை) ஒரு இஸ்தோப்புல (முன் திண்ணை) ஆறு பேர் இருக்கிற எடத்துல டீவிய ஒருத்தர் பாத்தா ஆறு பேரும் பாத்த மாதிரிதான், படிக்கிற புள்ள எந்திரிச்சுப் போக வேற அறை எங்க இருக்குன்னு கேட்டுட்டு ஒக்காந்துச்சு. நான் எந்திரிச்சு கண்ணப் பத்திப் பேசினேன். நல்லாவும் பேசினேன், மண்டபத்துல கைதட்டு. தோத்துட்டோம். நடுவரா வந்திருந்த ஒரு பெரியவர் பொறவு என்னக் கூப்பிட்டு அவரோட தாளக் காட்டினார். எதிர்ப்பக்கக் கட்டத்துல "ஒரே அறை"ன்னு எழுதி வட்டம் போட்டிருக்கு, அதுல இருந்து எங்க பக்கத்துக்கு ஒரு அம்புக்குறி வந்து, வந்த எடத்துல ஒண்ணுமே இல்ல. வெறும் தாள். "உனக்குப் பேச்சுக்கு நூறு தாரேன் தம்பி, இந்த எடத்துல என்னத்த எழுதுறது நான்"னு கேட்டார்.

பேச்சுப் போட்டில நீங்க மட்டும்தான் பேசுறீங்க, சபை கேக்குது. விவாதத்துல நீங்க பேசுறது கொஞ்ச நேரம், கேக்குறதுதான் மிச்ச நேரம் முழுக்க. அந்தக் கேக்குற நேரத்துல உங்க கை என்ன எழுதுதோ அதுதான் உங்க பேச்சு. நான் பாக்குற முக்காவாசி ஸ்கூல் டீம்ல எதிர்ப்பக்கம் பேசும்போது புள்ளைங்க தன்னோட தாளத் திருப்பித் திருப்பிப் படிச்சுக்கிட்டு, வாய்க்குள்ள பாடம் சொல்லிக்கிட்டு இருக்கும். நடுவர் மேசையில இருந்து பாத்தா அது அப்படியே தெரியும், அந்த டீம் தோக்கப்போகுதுன்னு அப்பவே சொல்லிரலாம்.

அதுனால மொதப் பழக்கம் குறிப்பெடுக்கிறது. ஏ4 தாள் ஒண்ண குறுக்கால வச்சு, எத்தன பேர் பேசுறாங்களோ அத்தன கோடு கிழிச்சு, ஆளுக்கு ஒரு பத்தி. அவங்க பேசுறது ஒரு கலர் பேனை, உங்க பதில் இன்னொரு கலர். முழு வசனம் எழுதப் போனா பின்னாடி போயிருவீங்க, ரெண்டு மூணு சொல்லுதான். ஆனா எந்த ரெண்டு மூணு சொல்லுங்கிறதுலதான் விஷயமே இருக்கு. புதுசாப் பழகுறவங்க முடிவ எழுதுவாங்க, "டீவி கெடுதி"ன்னு. அத எழுதி என்ன பிரயோசனம், அவங்க பக்கம்னாலே அதத்தான சொல்லப் போறாங்க. காரணத்த எழுதணும். "ஒரே அறை, போக எடமில்ல" இதுதான் அவங்க வாதத்தோட முதுகெலும்பு, இத ஒடச்சா வாதம் விழும், இதத் தொடாம நீங்க எத்தன கவித சொன்னாலும் அது நின்னுக்கிட்டே இருக்கும். அப்பறம் ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல அம்புக்குறி போட்டு பதில எழுதுங்க. பதில் இல்லன்னா அந்த எடத்த சும்மா விட்டு வைங்க. பேச எந்திரிக்கும்போது எந்த எடம் சும்மா இருக்குன்னு உங்களுக்கே தெரியும், பயமும் வரும், அந்தப் பயம் நல்லது.

வாதம்னா என்னன்னு அடுத்தது. இத நம்ம ஊரு தலைப்பு ஒண்ண வச்சே சொல்றேன், போன வருஷம் என் புள்ளைங்களுக்குக் குடுத்து ரெண்டு சனிக்கிழம சண்ட போட வச்சது. "தோட்டங்கள்ல நாள் சம்பளத்த நிறுத்திட்டு, தேயிலச் செடிய குடும்பத்துக்கு இவ்வளவுன்னு பிரிச்சுக் குடுத்து, கொழுந்துக்குக் கிலோ கணக்குல காசு குடுக்கணும்." ஆதரவுப் பக்கம் பேசின புள்ள மொத தடவ சொன்னது, "தொழிலாளர்கள் சுதந்திரமாக வாழ்வார்கள், அவர்களது வருமானம் பெருகும், மலையகம் மலரும்." சொல்லும்போது கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா இதுல வாதம்னு ஒண்ணுமே இல்ல, ஆச மூணு இருக்கு. ஏன் பெருகும்? எப்படிப் பெருகும்? நான் திருப்பித் திருப்பி ஏன் ஏன்னு கேட்டுக்கிட்டே இருந்தேன், அது அழுகிற அளவுக்கு வந்துருச்சு, ஆனா கடைசியில சொல்லிச்சு பாருங்க. "சேர், எங்கம்மா காலையில பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் பிரிக்கிற எடம்) லேட்டானா திருப்பி அனுப்புறாங்க. மழ நாள்ல கிலோ கொறஞ்சா அரப்பேர், அதாவது அர நாள் சம்பளம்தான் போடுறாங்க. செடி வயசாயி கொழுந்து இல்லாத மலைக்கு அனுப்புனதும் அவங்கதான், கொழுந்து எங்கன்னு கேக்கிறதும் அவங்கதான். செடி எங்களுதுன்னா எங்கம்மா எப்ப போறது, எதுக்கு ஒரம் போடுறதுன்னு அவங்களே முடிவு பண்ணுவாங்க, தன்னோடதுன்னா நல்லாப் பாப்பாங்க, கொழுந்து கூடும்." இப்பத்தான் வாதம் வந்திருக்கு. சொல்ற விஷயம், அது ஏன் நடக்கும்ங்கிற வழி, கண்ணால கண்ட சாட்சி, மூணும் இருக்கு. அதுக்கு மேல ஒரு தகவல வச்சோம், இலங்கைத் தேயிலையில 70 சதவீதத்துக்கு மேல இன்னைக்கு சின்னத் தோட்டக்காரங்கதான் உற்பத்தி பண்றாங்க, அதுனால சின்னத் துண்டுல தேயில நடத்த முடியாதுன்னு யாரும் சொல்ல முடியாதுன்னு.

எதிர்ப்பக்கத்துக்கு ஒரு பையன். அவன் மொத தடவ எந்திரிச்சு "இது கம்பனிகளின் சூழ்ச்சி"ன்னு கத்தினான். சூழ்ச்சின்னு சொல்றது பதில் ஆகாது, சூழ்ச்சியாவே இருந்தாலும் கொழுந்து கூடலாம்ல. ரெண்டாவது தடவ ஆற அமர ஒக்காந்து தாளப் பாத்து பேசினான். "சின்னத் தோட்டக்காரருக்கு காணி சொந்தம். நம்ம தோட்டத்துல காணி அரசாங்கத்தோடது, கம்பனி குத்தகைக்கு வச்சிருக்கு, செடியப் பிரிச்சுக் குடுத்தாலும் மண் நம்மளுது இல்ல, நாளைக்குத் திருப்பி எடுக்கலாம், அதுனால அந்த 70 சதவீதம் இங்க பொருந்தாது." நான் கைதட்டிட்டேன். அவங்க தகவல் பொய்னு சொல்லல, அது உண்மதான், ஆனா இந்த எடத்துக்குச் செல்லாதுன்னு காட்டுறான். அடுத்து தன்னோட வாதத்த வச்சான். நாள் சம்பளம் இருக்கிற வரைக்கும் கம்பனி ஈபிஎஃப்ங்கிற சேமலாப நிதிக்கு 12 சதவீதமும் ஈடிஎஃப்ங்கிற நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதமும் போடணும், இது சட்டம். தொழிலாளின்னு இருந்த ஆள் கொழுந்து விக்கிற ஆளா மாறிட்டா அந்தக் காசு யார் போடுவா? 2021 மார்ச்சுல சம்பள நிர்ணய சபை வழியா ஒரு நாளைக்கு 1000 ரூபான்னு வந்துச்சே, அப்படி சட்டத்தால ஏத்துறதுக்கு நாள் சம்பளம்னு ஒண்ணு இருக்கணும்ல? வறட்சி வந்தா, கொழும்பு ஏலத்துல வில விழுந்தா, அந்த நட்டம் இப்ப கம்பனி தலையில, அப்ப எங்கம்மா தலையில.

கவனிச்சீங்கன்னா ரெண்டு பேரும் ஒரே அம்மாவப் பத்தித்தான் பேசுறாங்க. இங்க வந்து நிக்கிறதுதான் நல்ல விவாதம், ஏன்னா இப்ப நடுவருக்கு ஒரு தெளிவான கேள்வி இருக்கு, அந்த அம்மாவுக்கு சுதந்திரம் பெருசா பாதுகாப்பு பெருசா. இத எடைபோடுறதுன்னு சொல்லுவோம். தமிழ் ஸ்கூல் டீம்கள்ல நூத்துக்குத் தொண்ணூறு இதச் செய்யிறதே இல்ல, தன்னோட பாயிண்ட அஞ்சு தடவ சொல்லிட்டு "ஆகவே எமது அணியே வெற்றி"ன்னு முடிச்சிருவாங்க. எடைபோட நீங்க சொல்ல வேண்டியது, அவங்க சொல்றது அப்படியே உண்மன்னு வச்சுக்கிட்டாலும் ஏன் நம்ம பக்கம் முக்கியம்ங்கிறது. எத்தன பேருக்கு, எவ்வளவு கடுமையா, திருப்ப முடியுமா முடியாதா. அந்தப் பையன் கடைசியில சொன்னது, "கொழுந்து கூடும்னே வச்சுக்குவோம். கூடுற மாசத்துல நாலு காசு கூட வரும். ஆனா விழுந்த மாசத்துல அடுப்பு எரியாது. கூட வந்தத வச்சு அந்த மாசத்தச் சமாளிக்க நம்ம வீட்டுல சேமிப்பு இருக்கா?" இது செந்தமிழ் இல்ல, எதுகை மோன இல்ல, ஆனா இதுக்குப் பதில் சொல்லாம அடுத்த பேச்சாளர் ஒக்கார முடியாது.

எதிர்வாதத்துக்கு நான் புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கிறது நாலே நாலு வழி. நீங்க சொல்றது நடக்காது. நடக்கும், ஆனா நீங்க சொல்ற காரணத்தால இல்ல. நடக்கும், ஆனா சின்ன விஷயம். நடக்கும், ஆனா அது எங்க பக்கத்துக்குத்தான் சாதகம். எந்த வாதம் வந்தாலும் இந்த நாலுல ஒண்ணு பொருந்தும், கடைசி வழி பொருந்துச்சுன்னா அன்னைக்கு உங்களுக்கு யோகம். ஆனா ஒண்ணு, எதிர்ப்பக்கம் சொன்னத நீங்க திருப்பிச் சொல்லும்போது அவங்களே "ஆமா, இதத்தான் சொன்னோம்"னு தலையாட்டுற மாதிரி சொல்லணும், வளைச்சுச் சொல்லி அடிச்சா நல்ல நடுவர் ஒடனே கண்டுபிடிச்சிருவார்.

புள்ளிவிவரம் பத்தி. ஒரு தடவ ஒரு பையன் "ஆய்வொன்றின்படி 87 சதவீதமானோர்"னு அடிச்சு விட்டான். முடிஞ்சதும் எந்த ஆய்வுடான்னு கேட்டா, "சேர், முழு எண்ணா சொன்னா நம்ப மாட்டாங்க, ஏழுல முடிஞ்சா உண்ம மாதிரி இருக்கும்". சிரிப்புத்தான், ஆனா இது பொய், இது பழகிட்டா போகாது. எதிர்ப்பக்கத்துல விஷயம் தெரிஞ்ச ஒரு ஆள் இருந்தாப் போதும், மானம் போயிரும். சரியாத் தெரிஞ்ச பத்து எண்ண ஒரு சீஆர் கொப்பில (பெரிய நோட்டுல) எழுதி வைங்க, எங்க இருந்து எடுத்ததுன்னும் பக்கத்துலயே எழுதுங்க. எண் இல்லாத எடத்துல காரணத்தச் சொல்லுங்க, காரணம் நல்லா இருந்தா எண்ண யாரும் தேட மாட்டாங்க.

இப்ப போட்டி வகைங்க. நம்ம தமிழ் ஸ்கூல் போட்டிகள்ல எத்தன பேர், எத்தன நிமிஷம், தொகுப்புரை யார் பேசுறதுங்கிறது நடத்துறவங்களப் பொறுத்து மாறும், அதுனால சுற்றறிக்கைய ரெண்டு தடவ படிங்க, புள்ளி எதுக்கு எவ்வளவுன்னு போட்டிருந்தா மூணு தடவ. உலக அளவுல ஸ்கூல் புள்ளைங்களுக்கு நடக்கிற உலகப் பாடசாலைகள் விவாதம் 1988ல ஆஸ்திரேலியாவுல ஆரம்பிச்சது. ஒரு பக்கத்துக்கு 3 பேர், ஆளுக்கு 8 நிமிஷம், கடைசியில 4 நிமிஷம் பதிலுரை. புள்ளி போடுறது உள்ளடக்கத்துக்கு 40, பேசுற விதத்துக்கு 40, உத்திக்கு 20. தலைப்புல பாதி முன்கூட்டியே வரும், பாதி அங்க வச்சுத்தான் குடுப்பாங்க, தயாராக ஒரு மணித்தியாலம். கெம்பஸ் போனா பிரிட்டிஷ் பார்லிமெண்டரின்னு ஒண்ணு, 2 பேர் கொண்ட 4 டீம் ஒரே விவாதத்துல மோதும், தயாராக 15 நிமிஷம், பேச 7 நிமிஷம். பேச்சோட மொத நிமிஷமும் கடைசி நிமிஷமும் தவிர நடுவுல எதிர்ப்பக்கத்துக்காரங்க எந்திரிச்சு கேள்வி கேக்கலாம், ஏத்துக்கிறதும் ஒக்காருங்கன்னு சொல்றதும் பேசுறவரோட இஷ்டம். ஆனா ஒண்ணக்கூட எடுக்காமப் போனா பயந்துட்டீங்கன்னு எழுதுவாங்க. ஒண்ணோ ரெண்டோ எடுங்க.

பட்டிமன்றத்த இதோட கொழப்பிக்காதீங்க. எனக்குப் பட்டிமன்றம் ரொம்பப் பிடிக்கும், பட்டிமண்டபம்ங்கிற சொல் மணிமேகலையிலயே இருக்கு, நம்மாளுங்களுக்கு வாதம் புதுசில்ல. ஆனா கோயில் திருவிழாவுல நடக்கிற பட்டிமன்றம் சபைய சிரிக்க வைக்க, நெகிழ வைக்க. அதுல பழகின புள்ள விவாதத்துக்கு வந்தா சபையப் பாத்துப் பேசும், நடுவரப் பாக்காது. வாழ்த்து வேற. ஒரு போட்டில மணிக்கூட்டப் பாத்தேன், தமிழ்த்தாய், அவை, நடுவர், மணியடிக்கிறவர் வரைக்கும் வணக்கம் சொல்லி முடிக்க 50 செக்கன். மொத்தமே 4 நிமிஷம். ஒரு வணக்கம் போதும்.

இது வரைக்கும் சொன்னது எனக்கு நிச்சயமாத் தெரிஞ்சது. இனி சொல்றதுல ஆளுக்காள் வேறுபடும். குறள், கம்பன் மேற்கோள் போட்டா புள்ளி கூடுமா? சில தமிழ் நடுவர்மார்ட்ட கூடும், என்கிட்ட கூடாது. வாதத்துக்கு உதவுற எடத்துல ஒண்ணு போடுங்க, அலங்காரத்துக்குன்னா விட்டுருங்க. பேச்சுத் தமிழ்ல விவாதிக்கலாமா? நான் ஒத்துக்குவேன், மத்தவங்க மொகம் சுழிப்பாங்க, அதுனால போட்டில எளிமையான எழுத்துத் தமிழ்ல பேசுங்க, பழகும்போது வீட்டுப் பேச்சுல பழகுங்க. வீட்டுப் பேச்சுல சொல்ல முடியாத வாதம்னா அது உங்களுக்கே வெளங்கலன்னு அர்த்தம். பிறவித் திறம வேணுமாங்கிறதுக்கு என் அனுபவத்துல, நல்லா வந்த புள்ளைங்கள்ல பாதிப் பேர் மொத வருஷம் மைக்கப் பிடிச்சா கை நடுங்கினவங்கதான். ஆனா நான் பழக்கினது சில டசின் புள்ளைங்கதான், அத வச்சு சட்டம் போட முடியாது.

இங்கிலீஷுக்கு வாறேன். போங்க. உலகப் பல்கலைக்கழக விவாதப் போட்டி, 1981ல கிளாஸ்கோவுல ஆரம்பிச்சது, அங்க நடுவருக்கு இருக்கிற அளவுகோல், விஷயம் ஓரளவு தெரிஞ்ச ஒரு சாதாரண புத்தியுள்ள வாக்காளர் எப்படி நம்புவாரோ அப்படிங்கிறது. உச்சரிப்புக்குப் புள்ளி வெட்டக்கூடாது. ஆங்கிலம் ரெண்டாம் மொழியா உள்ளவங்களுக்குன்னு தனிப் பிரிவே இருக்கு. கொழும்பு, கண்டி புள்ளைங்க மெஷின் மாதிரி வேகமாப் பேசுறதக் கேட்டு மிரளாதீங்க, அதுல பாதி நடுவர் தாள்ல விழவே விழாது. மூணு நல்ல காரணத்த மெதுவா, சின்னச் சின்ன வசனமாச் சொல்ற புள்ளைக்கு நானே மேல போட்டிருக்கேன். ஆனா ஒளிக்காமச் சொல்றதுன்னா, கேக்குறதுல பின்னாடி இருந்தா கஷ்டம்தான். எதிர்ப்பக்கம் சொன்னது வெளங்கினாத்தான பதில் சொல்ல முடியும். அதுனால உங்க வேல மொதல்ல கேட்டுப் பழகுறது, பேசுறது பொறவு. யூடியூப்ல உலகப் போட்டி இறுதிச் சுற்றெல்லாம் இருக்கு, வேகத்தக் கொறச்சு வச்சுக் குறிப்பெடுங்க.

கழகம் இல்லன்னு கவலப்பட்டிருந்தீங்க. நாலு பேர் இருந்தாப் போதும். இண்டர்வல்ல காசு சுண்டிப் போட்டு பக்கத்த முடிவு பண்ணுங்க, 15 நிமிஷம் தயாராகி ஆளுக்கு 4 நிமிஷம், ஃபோன்ல டைமர். அடுத்த நாள் அதே தலைப்ப பக்கம் மாத்திப் பேசுங்க. இந்த மாத்திப் பேசுறதுதான் மருந்து, நேத்து நீங்க சொன்ன வாதத்துல எங்க ஓட்ட இருக்குன்னு இன்னைக்கு உங்களுக்கே தெரியும். தனியா இருந்தா பாராளுமன்ற விவாதம் நேரடியாப் போகும்போது ஒரு உறுப்பினர் பேச்சுக்கு தாள்ல குறிப்பெடுத்துப் பாருங்க, எத்தன காரணம் சொன்னாருன்னு எண்ணுங்க. சில நாள் தாள் காலியாவே இருக்கும், அது உங்க பிழ இல்ல. இன்னொரு வழி, உங்க டீம் வெளிய வந்த பொறவும் வீட்டுக்குப் போகாம நின்னு, மணியடிக்கிற வேலைக்கு ஆள் வேணுமான்னு கேளுங்க. யாரும் வேணாம்னு சொல்ல மாட்டாங்க. நடுவர் பக்கத்துல ஒக்காந்து அவர் தாள்ல என்ன எழுதுறார், எப்ப பேனைய கீழ வைக்கிறார்னு ஒரு நாள் பூரா பாக்கலாம். என் புள்ளைங்கள்ல ரெண்டு பேர் விவாதம் பழகினதே அப்படித்தான்.

புத்தகம்னு கேட்டீங்க, புத்தகத்தப் பாத்து ரொட்டி தட்டிப் பழகின ஆள நான் கண்டதில்ல. உலகப் பல்கலைக்கழகப் போட்டியோட நடுவர் கையேடு இணையத்துல சும்மாவே கெடைக்கும், இங்கிலீஷ்லதான், அதுல எதிர்வாதம் பத்தின பகுதிய மட்டும் அகராதி வச்சுக்கிட்டாவது படிங்க. மத்தபடி தெனம் ஒரு பத்திரிக, அதுல ஒரு செய்தி, அதுக்கு ரெண்டு பக்கமும் மூணு மூணு காரணம் அந்த சீஆர் கொப்பில.

அடுத்த மாசம் வலய மட்டப் போட்டி இருக்குன்னு எழுதியிருந்தீங்க. தலைப்பு வந்ததும் கீழ போடுங்க. உங்களுக்கு எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லாதீங்க, நான் ரெண்டு பக்கத்துல இருந்தும் கேள்வி கேக்குறேன், நீங்க பதில எழுதுங்க.